விளக்கில்லாத யன்னல்

டென்மார்க்கின் பிராண்டே ஊரில் புஷ்பராணியைத் தெரியாதவர்கள் குறைவு. காற்றாலைப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கன்டீனில் பதினான்கு வருடமாகச் சூடான சாப்பாட்டுக்குப் பின்னால் நிற்கிறவள் அவள்தான். யாருக்கு உருளைக்கிழங்கு கூட வேண்டும், யார் பீட்ரூட்டைக் கண்டால் முகத்தைச் சுளிப்பான் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கேட்கமாட்டாள், போட்டுவிடுவாள். வியாழக்கிழமை அவளுடைய கோழிக்கறி. அன்றைக்கு மட்டும் மேல்மாடி அலுவலகத்தில் இருந்தும் ஆட்கள் இறங்கி வந்து, தட்டை ஏந்திக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்பார்கள்.

வயது ஐம்பத்தொன்பது. தொண்ணூறாம் ஆண்டு, மகள் கிருபாஷினி வயிற்றில் இருக்க வந்து இறங்கியவள். முதலில் அகதி முகாம், பிறகு பின்னல் உடுப்புத் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலை மலிவான கூலி தேடி வேறு நாட்டுக்குப் போய்விட, இவள் ஐந்து மாதம் படித்துக் கன்டீன் வேலைக்கு வந்தாள். கணவர் செல்லத்துரை இறைச்சித் தொழிற்சாலையில் தோள்மூட்டைத் தேய்த்து ஓய்வு எடுத்து, ஓய்வை அனுபவிக்காமலே நான்கு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். மகள் கலியாணம் முடித்து டோஸ்ட்ருப்பில் இருக்கிறாள். மூன்று மணித்தியாலக் கார் ஓட்டம். ஆக, வீட்டில் புஷ்பராணி தனி.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவளும் செல்லத்துரையும் தொண்ணூற்றாறில் பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். அன்றோடு சாம்பிராணி, விளக்கு, மெழுகுதிரி மூன்றையும் விட்டார்கள். செத்தவர்களுக்கு விளக்கு வைப்பது எங்களுடைய வழக்கம் அல்ல என்பது சபையின் போதனை. புஷ்பராணிக்கு அது கொடுத்த வாக்கு. டென்மார்க்கில் மெழுகுதிரி இல்லாமல் வாழ்வது லேசான காரியமில்லை. இங்கே ஒக்டோபர் பிறந்தால் காலைச் சாப்பாட்டு மேசையில் மெழுகுதிரி, பல் வைத்தியரின் வரவேற்பு மேசையிலும் மெழுகுதிரி. மகளின் பிறந்தநாள் கேக்கில் மட்டும் புஷ்பராணி விட்டுக்கொடுத்தாள், அது ஊதி அணைக்கத்தானே என்று. நத்தார்ப் பண்டிகை நேரத்தில் ஊர்ச் சவக்காலை முழுவதும் கல்லறைக்குக் கல்லறை விளக்கு எரியும். செல்லத்துரையின் கல்லறை மட்டும் இருட்டில் கிடக்கும். மனுசன் கோபிக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவரும் வாக்குக் கொடுத்தவர்தானே.

இப்படிப்பட்டவளுக்குத்தான் நீதிமன்றத்தில் இருந்து அழைப்பு வந்தது. கொலை வழக்கு ஒன்றில் மூன்று நீதிபதிகளோடு ஆறு சாதாரணக் குடிமக்கள் உட்காரவேண்டும். அந்த ஆறு பேரில் ஒருத்தி அவள். குற்றவாளி என்று தீர்க்க, ஆறில் நான்கு பேரும் நீதிபதிகளில் இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆள் விடுதலை. அவளையெல்லாம் எதற்குக் கூப்பிட்டார்கள் என்று சபையில் சிலர் கேட்டார்களாம். ஏன், அவளுக்கு என்ன குறைச்சல்? முப்பத்தைந்து வருடம் வரி கட்டியவள். புதிதாக நீலக் கோட்டு ஒன்று வாங்கி, தலையை இறுக்கக் கொண்டை போட்டு, பதினொரு நாளும் ஒரு நிமிடம் பிந்தாமல் போனாள். உள்ளே பேசுவதை வெளியே சொல்வதில்லை என்று மானத்தின் பேரிலும் மனச்சாட்சியின் பேரிலும் உறுதி கொடுத்தாள்.

செத்தவள் பெயர் இங்கலீசே. எழுபத்துநாலு வயது. பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்னக் கிராமத்தில் இருந்தவள். ஆனால் பிராண்டேயில் முப்பது வருடம் பாலர் பள்ளியில் வேலை செய்தவள், ஊரில் பாதிப் பேருக்கு மூக்குத் துடைத்துவிட்டவள். கிருபாஷினி போனது வேறு பாலர் பள்ளிக்கு, அதனால் புஷ்பராணிக்கு அவளைத் தெரியாது. நிலவறைப் படிக்கட்டின் அடியில் இங்கலீசே கிடந்தாள். பக்கத்தில் உடுப்புக் கூடை. வீட்டின் பக்க அறையில் வாடகைக்கு இருந்த பிளெமிங் என்பவனை அவள் கிழமை முடிவுக்குள் வெளியேறச் சொல்லியிருந்தாள். கீழே மெசினில் தோய்க்கிற உடுப்போடு கிழவி இறங்கினாள், விழுந்த சத்தம் கேட்டது, அவ்வளவுதான் தெரியும் என்றான் பிளெமிங். விழுந்த காயமாகவும் இருக்கலாம், அடித்த காயமாகவும் இருக்கலாம் என்றார் வைத்தியர்.

பிளெமிங் ஐம்பது வயது ஆள். முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருப்பான். குரல் மெது. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லி முடித்து, கேட்டவருக்கு நன்றி சொல்வான். அரச வழக்கறிஞர் கொலைகாரன் என்று சொன்னபோதும், அவர் முடிக்கும்வரை காத்திருந்து நன்றி என்றான். பதினொரு நாளில் அந்த நன்றியை எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று புஷ்பராணிக்குக் கணக்கில்லை. கேட்கும்தோறும் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது.

உள்ளறையில் நடந்ததை அவள் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. கதை சொல்கிறவன் அந்த உறுதியைக் கொடுக்கவில்லை, ஆகவே நான் சொல்வேன். புஷ்பராணி பொலிசார் எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, கூடையைக் காட்டினாள். கூடைக்குள் இருந்த துவாய்கள் நாலாக மடித்து, விளிம்போடு விளிம்பு பொருத்தி அடுக்கியிருந்தன. தோய்க்கிற உடுப்பை மடித்துக்கொண்டு எந்தப் பெண்ணும் கீழே இறங்கமாட்டாள் என்றாள். கிழவி தோய்த்து முடித்து மேலே ஏறி வந்தவள், பிளெமிங் சொன்னது பொய். இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். மற்ற மூவரும் யோசித்துவிட்டு, தனியாக இருக்கிற கிழவிகள் எதையும் மடிப்பார்கள் என்றார்கள். ஆக மூன்றுக்கு மூன்று. நீதிபதிகளில் இரண்டு பேர் குற்றவாளி என்றும் பயனில்லை. பிளெமிங் எழுந்து, மூன்று நீதிபதிகளையும் ஆறு பேரையும் வரிசையாகப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்தான்.

தீர்ப்பில் எண்ணிக்கையைச் சொல்வார்கள், பெயரைச் சொல்லமாட்டார்கள். படம் எடுக்கத் தடை, ஆனால் கையால் வரையலாம். பத்திரிகையில் வந்த சித்திரத்தில் ஆறு பேருக்கும் முகம் இல்லை. ஐந்து பேருக்கு அது போதுமான மறைப்பு. ஆறாவது ஆளுக்குக் கபில நிறம் பூசி, கொண்டையும் போட்டிருந்தான் அந்தச் சித்திரக்காரன். முகம் எதற்கு? மற்ற ஐந்து பேரும் வேறு ஊர்க்காரர். பிராண்டேயின் கோபத்துக்கு விலாசம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஒரு ஆள். ஒரேயொரு ஆள் மாறியிருந்தால். ஊர் முழுக்க இதுதான் பேச்சு. இரண்டு கிழமை கழித்து, மேன்முறையீடு இல்லை என்று அறிவித்த அன்று பின்னேரம் தீப்பந்த ஊர்வலம் போனது. நானூறு ஐந்நூறு பேர். ஒரு கோஷம் இல்லை, ஒரு பதாகை இல்லை. தார்ரோட்டில் சப்பாத்துகள் உரசும் சத்தம் மட்டும். புஷ்பராணியின் வீட்டைக் கடக்கும்போது ஒவ்வொரு வரிசையும் தலையைத் திருப்பி யன்னலைப் பார்த்துவிட்டுப் போனது. திரைக்குப் பின்னால் நின்றவளுக்கு, இவர்கள் கத்தித் திட்டினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகுதான் மெழுகுதிரி வந்தது. ஊர்ப் பேஸ்புக் குழுவில் யாரோ எழுதினார்கள்: நத்தார் வரைக்கும் தினமும் பின்னேரம் இங்கலீசேக்காக யன்னலில் ஒரு மெழுகுதிரி. டிசம்பரில் இங்கே மூன்றரை மணிக்கே வெளிச்சம் சாகத் தொடங்கிவிடும். நாலு மணிக்குப் புஷ்பராணியின் தெருவில் இருபத்திரண்டு வீட்டிலும் இருபத்திரண்டு சுடர். இருபத்துமூன்றாவது வீடு இருட்டு.

அவள் வைக்கவில்லை. செத்தவளுக்கு விளக்கு, முடியாது. முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த கணவனுக்கே வைக்காதவள். ஆனால் ஊருக்கு அந்தக் கதை எங்கே தெரியும்? அவனை விடுவித்தவர்களில் அவளும் ஒருத்தி என்று அதுவரைக்கும் சந்தேகமாக இருந்தது அன்றோடு உறுதியாகிவிட்டது.

எதிர்வீட்டுக் கிர்ஸ்டன்தான் கன்டீனிலும் அவளுடைய மேலாள். பதினான்கு வருடமாகப் பத்து மணிக் கோப்பியை இருவரும் ஒன்றாகக் குடித்தவர்கள். அந்தக் கிழமை கிர்ஸ்டன் கோப்பியை எடுத்துக்கொண்டு களஞ்சிய அறைக்குள் போனாள். வியாழக்கிழமை வந்தது. கோழிக்கறித் தட்டத்துக்கு முன்னால் வரிசை வந்து, ஒருவர் பின் ஒருவராக ஒரு எட்டு விலகி, குளிர்ந்த மீனையும் கறுப்புப் பாண் துண்டையும் எடுத்துக்கொண்டு போனது. எல்லாரும் மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். நாற்பது பேருக்குச் சமைத்த கறி அப்படியே ஆடை படிந்து நின்றது. மூடியைப் போட்டுக்கொண்டிருந்தபோது கிர்ஸ்டன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்னுடைய இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவள் இங்கலீசே” என்றாள். “உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று தெரியும். ஆனால் ஒரு மெழுகுதிரிகூடவா?”

எனக்கும் அவன்தான் செய்தான் என்று தெரியும், குற்றவாளி என்றவர்களில் நானும் ஒருத்தி என்று சொல்ல, கொடுத்த உறுதி புஷ்பராணியை விடவில்லை. தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய், கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவள் வழக்கம்போல டேனிஷில், பற்றரி மெழுகுதிரி ஒன்று வாங்கி வைத்தால் முடிந்தது என்றாள். புஷ்பராணிக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மைக்கலிடம் கேட்டாள். அவர் சிரிக்காமல் யோசித்தார். அது அவருடைய நல்ல குணம்.

“பற்றரியில எரிஞ்சாலும் செத்தவைக்குத்தானே சிஸ்டர் வைக்கிறியள்” என்றார்.

ஓம், அதுவும் சரிதான் என்று அவள் வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. வேலை முடிந்து மூன்றரைக்குக் காரை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தவள் நின்றுவிட்டாள். படியில் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. கடையில் விற்கும் கல்லறை விளக்கு, வெள்ளைப் பிளாஸ்டிக் குவளைக்குள் வைத்தது, மேலே பித்தளை நிறத்தில் மூடி. ஊர்க்காரர் யாரோ குத்திக் காட்டுகிறார்கள் என்று நினைத்தாள். மூடியைத் திறந்து ஊதி அணைத்து, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். வீசவும் மனம் வரவில்லை.

செவ்வாய் இன்னொன்று. புதனும் ஒன்று. நாலாம் நாள்தான் அவள் ஒன்றைக் கவனித்தாள். மெழுகு இன்னும் உருகவில்லை. திரியைச் சுற்றி ஒரு சொட்டு ஈரம் மட்டும். ஏற்றி ஒரு நிமிடம் ஆகியிருக்காது. தெருவை மேலும் கீழும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. இருபத்திரண்டு யன்னலில் இருபத்திரண்டு சுடர் அசையாமல் நின்றது.

வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே கடைக்குப் போய், ஒன்றும் வாங்காமல் சுற்றிவிட்டு ஐந்து மணிக்கு வந்தாள். படியில் மெழுகுதிரி, உருகாத மெழுகு. அடுத்த திங்கள் தலையிடி என்று சொல்லி ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்தாள். படி வெறுமை. திரைகளை இழுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் கதிரை போட்டு, காதைக் கதவில் வைத்தபடி உட்கார்ந்தாள். தபால்காரனின் வண்டிச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. சுவர் மணிக்கூடு மூன்றரை காட்டியபோது, கதவின் கீழ் விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. காலடிச் சத்தம் கேட்கவே இல்லை. கதவைத் திறக்க அவளுக்குக் கால்மணி நேரம் பிடித்தது.

பயந்துவிட்டாள். அதை மறைத்து என்ன? மூன்று குண்டுவீச்சுக்கு ஓடித் தப்பினவள், ஒரு சின்னச் சுடரைப் பார்த்துக் கதவைப் பூட்டிச் சங்கிலியும் போட்டாள். பொலிசுக்குச் சொல்லலாம்தான். வாசலில் மெழுகுதிரி வைக்கிறார்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள், இந்த நாட்டில் அது அன்பின் அடையாளம்.

அந்தக் கிழமை முதல் பனி மெல்லிசாக விழுந்தது. படியில் வழக்கமான விளக்கு. பனியில் சப்பாத்துத் தடம் ரோட்டில் இருந்து படிக்கு வந்து, அங்கிருந்து முன் யன்னலுக்குப் போயிருந்தது. யன்னலுக்கு முன்னால் இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில், பனி உருகித் தரை தெரியும் அளவுக்கு அழுந்தியிருந்தன. ஒருவன் அந்த இருட்டு யன்னலுக்கு எதிரே அசையாமல் வெகுநேரம் நின்றிருக்கிறான். உள்ளே அப்போது அவள் இருந்தாளா, குளித்துக்கொண்டிருந்தாளா, செபித்துக்கொண்டிருந்தாளா என்று யோசித்து யோசித்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நத்தாருக்கு முந்திய ஞாயிறு, ஆராதனை முடிந்து வரும் வழியில் சவக்காலைக்குப் போனாள். மனம் கலங்கினால் செல்லத்துரையிடம் போய் நிற்பது அவளுடைய பழக்கம். விளக்குத்தான் வைக்கமாட்டாளே தவிர, சருகு பொறுக்குவாள், கல்லைத் துடைப்பாள், கன்டீன் கதை சொல்வாள். மூன்று மணி இருக்கும். வானம் சாம்பல். கல்லறைகளில் அங்கங்கே விளக்குகள் எரிந்தன. வேலியோரம் திரும்பியவள், செல்லத்துரையின் கல்லுக்கு முன்னாலும் ஒன்று எரிவதைக் கண்டாள். வெள்ளைக் குவளை, பித்தளை நிற மூடி.

கல்லுக்கு அப்பால், தொப்பியைக் கையில் பிடித்தபடி பிளெமிங் நின்றான்.

விடுதலையான பிறகு பிராண்டேயில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னான், அவளுடைய தெருவில் இருந்து இரண்டு தெரு தள்ளி. குரல் அதே மெது. கணவருடைய இடம் இருட்டாக இருந்ததைக் கண்டதும் மனம் கேட்கவில்லை என்றான். அவளுடைய வாசலில் கண்ட பெயரை இங்கே கல்லில் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் கண்டுபிடித்தானாம். வாசலில் வைப்பதும் தான்தான் என்றான். அவளைப் பயப்படுத்தக்கூடாதென்று மெதுவாக நடந்து வருவதாகவும் சொன்னான்.

“ஊர் முழுக்க எனக்கு எதிராக விளக்கு எரிகிறது” என்றான். “உங்களுடைய யன்னலில் மட்டும் இல்லை. முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நன்றி.”

நான் அல்ல என்று புஷ்பராணியால் சொல்ல முடியாது, உறுதி கொடுத்தவள். பரவாயில்லை என்று சொல்லவும் முடியாது. சொன்னால் அது பொய். அவள் பேசாமல் நின்றாள். அவன் அந்த மௌனத்தையும் தனக்குக் கிடைத்த பதிலாக எடுத்துக்கொண்டான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

“உங்களைப்போல இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களை நான் தேடவில்லை” என்றான் பிளெமிங். “மற்ற மூன்று பேர் யார்? அது உங்களுக்குத் தெரியும். கோபம் ஒன்றும் இல்லை. ஒருமுறை வீட்டுக்குப் போய், ஒவ்வொருவரோடும் தனியாகக் கதைக்கவேண்டும்.”

“அது சொல்ல அனுமதி இல்லை” என்றாள்.

அவன் அவள் முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு நன்றி என்றான். இன்றைக்கும் நாலு மணிக்கு அந்தத் தெருவால் வருவேன் என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான். சரளைக்கல் பாதையிலும் அவனுடைய காலடி கேட்கவில்லை.

புஷ்பராணி கல்லுக்கு முன்னால் குந்தினாள். மூன்று பேர். ஒருத்தி புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை, தீர்ப்பன்று மலசலகூடத்தில் அழுதவள். ஒருவர் பன்றிப் பண்ணைக்காரர், செவி மந்தம். மூன்றாவது ஆளைத் தேடி அவன் எங்கும் போகத் தேவையில்லை. இரண்டு கிழமையாக அவளுடைய படியில்தான் விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

அவன் செய்தானா இல்லையா என்பது எனக்கும் தெரியாது. மடித்த துவாயை வைத்து ஒரு மனிதனைக் கொலைகாரன் என்று சொல்லலாமா என்று கேட்டால் நானும் தடுமாறுவேன். ஆனால் புஷ்பராணி தடுமாறவில்லை. அவளைக் குடைந்தது வேறு. இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் உறுதியைக் காத்தோம் என்று நினைத்திருந்தாள். அவளுடைய யன்னலோ மூன்று கிழமையாக ஊருக்கும் அவனுக்கும் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கிர்ஸ்டன் நம்பியதும் பொய், அவன் சொன்ன நன்றியும் பொய்க்குக் கிடைத்தது. செத்தவளுக்கு விளக்கு வைக்கக்கூடாது, சரி. உயிரோடு இருக்கிறவள் பொய்ச்சாட்சி சொல்லலாமா? எந்தக் கட்டளை பெரிது என்று பாஸ்டரிடம் கேட்க நேரமில்லை. மணி மூன்றேகால்.

இருட்டாகவே விட்டால் அவளுக்கு ஆபத்தில்லை. கொலைகாரனின் நன்றியோடு, ஊரின் வெறுப்போடு, பத்திரமாக இருக்கலாம். விளக்கை வைத்தால் ஊருக்கு அது இருபத்துமூன்றாவது சுடர், அவ்வளவுதான். யன்னலில் விளக்கு வைக்காதே என்று அவள் கொடுத்த உறுதியில் எந்தச் சொல்லும் இல்லை. ஆனால் அவனுக்கு மட்டும் விளங்கும்.

செல்லத்துரையின் முன்னால் எரிந்ததை ஊதி அணைத்தாள். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள்.

வீட்டில் இன்னொரு சங்கடம். நெருப்புப் பெட்டி இல்லை. மகளின் கடைசிப் பிறந்தநாள் கேக்குக்குப் பிறகு ஒரு குச்சி உரசாத வீடு, அடுப்பும் மின்சாரம். ரோட்டைக் கடந்து கிர்ஸ்டனின் மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தவள், புஷ்பராணியின் கையில் இருந்த குவளையைப் பார்த்தாள்.

“நெருப்புப் பெட்டி இருக்கிறதா?” என்று கேட்டாள் புஷ்பராணி.

கிர்ஸ்டன் உள்ளே போய் எடுத்துவந்து, பெட்டியை அவள் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. நாளைக்குப் பத்து மணிக்குக் கோப்பி என்றாள். ஒரு குவளை மெழுகுக்கு ஒரு மாதக் கோபம் கரைந்துவிட்டது. புஷ்பராணிக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க முன் யன்னல் திரையை இழுத்துத் திறந்தாள். மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. குவளையை யன்னல் திட்டில் வைத்துவிட்டு, உள்ளே ஒதுங்காமல் சுடருக்குப் பக்கத்திலேயே நின்றாள். முகம் தெரியட்டும் என்றுதான்.

நாலு மணிக்கு அவன் வந்தான். தெருமுனையில் திரும்பும்போது தலை குனிந்திருந்தது. வீட்டுக்கு நேரே வந்ததும் நிமிர்ந்தான், நின்றான். ஊர்வலத்தில் போனவர்கள் தலையைத் திருப்பியதுபோல அல்ல. கோபம் இல்லை, ஆச்சரியம்கூட இல்லை. முழங்கால் மேல் கைவைத்து உட்கார்ந்திருந்த அதே முகம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவனுடைய உதடு அசைந்தது. கண்ணாடிக்கு உள்ளே கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை. பதினொரு நாள் பார்த்த அசைவு அது. அவன் குனிந்து படியில் எதையோ வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தான்.

அவன் முனையைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, கதவைத் திறந்தாள். படியில் வெள்ளைக் குவளை ஒன்று இருந்தது. முதல் தடவையாக அது ஏற்றப்படாமல் இருந்தது. மூவரில் அவளும் ஒருத்தி என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

குளிர் காற்றில் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் புஷ்பராணி. மகளிடம் சொல்லவேண்டும், பொலிசுக்குச் சொல்லவேண்டும், ஆசிரியைக்கும் பண்ணைக்காரருக்கும் எச்சரிக்கை போகவேண்டும். எல்லாம் இன்றைக்கே செய்யவேண்டும். அதற்கு முதல் குனிந்து குவளையை எடுத்தாள். கிர்ஸ்டனின் பெட்டியில் இன்னொரு குச்சியை உரசினாள். இந்தத் தடவை முதல் உரசிலேயே பற்றியது. அதைக் கொண்டுபோய் யன்னலில், மற்றதற்குப் பக்கத்தில் வைத்தாள். திரையை அவள் மூடவில்லை.